தண்ணீர் பழகும் வரை

கறுப்பு மண்ணைக் கழுவக் கூடாது, மணலைத்தான் கழுவ வேண்டும். அல்லது மணலை விட்டுவிட்டு மண்ணையா? கொளத்தூர் மீன்தொட்டிக் கடைக்காரர் இரண்டு பைகளையும் என் கையில் கொடுக்கும்போது தெளிவாகத்தான் சொன்னார், நானும் தலையாட்டினேன், ஆனால் அந்த நேரத்தில் அவர் தலைக்குப் பின்னால் ஒரு தொட்டியில் சிவப்பு இறால் ஒன்று இலையின் விளிம்பில் நின்று இரண்டு கையாலும் எதையோ எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது, என்ன சாப்பிடுகிறது, அங்கே ஒன்றுமே இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல், குளியலறை வாசலில் இரண்டு பைகளோடு நிற்கிறேன். கறுப்பு மண் உருண்டை உருண்டையாக இருக்கிறது, மிளகைவிடச் சின்னது, கடுகைவிடப் பெரியது. ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினால் பொடிகிறது. அப்படியென்றால் இதைத்தான் கழுவக் கூடாது, கரைந்து சேறாகிவிடும் என்றார், சரி, ஞாபகம் வந்துவிட்டது, ‘மணல மட்டும் தண்ணி தெளியிற வரிக்கும் அலசுங்க மேடம், சோப்பு கீப்பு போட்றாதீங்க’ என்று சொல்லிச் சிரித்தார், யாரோ போட்டிருக்கிறார்கள் போலும். மணலை பக்கெட்டில் கொட்டிக் குழாயைத் திறக்கிறேன். அரிசி களைகிற மாதிரிதான். முதல் தண்ணீர் காபி நிறம், இரண்டாவது கஞ்சி நிறம். கால் வழுக்காமல் இருக்க ரப்பர் மிதியடி மேல் நிற்கிறேன், இடது கையால் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு. இந்தத் தாழ்ப்பாளை இப்போதெல்லாம் போடுவதில்லை. வீட்டில் நான் ஒருத்திதானே, யாருக்காகப் போடவேண்டும்? போன பங்குனியில் போட்டிருந்தேன். போட்டிருந்தது மட்டுமல்ல, அதைத் திறக்க எழுந்திருக்க முடியாமல் இதே தரையில், ஈரத்தில், கன்னம் டைல்ஸில் ஒட்டிக் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலி இருந்தது, ஆனால் வலியைவிட அதிகமாக நினைவிருப்பது ஹாலில் போன் அடித்தது. அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தது. முப்பது வருஷத்துக்கும் மேலாக அடிக்கிற போனை எடுத்தே பழகிய உடம்பு, ஒவ்வொரு மணிக்கும் தோள் தானாக ஒரு அசைவு அசைந்தது, எழ முடியவில்லை. இத்தனை பிடிவாதமாக யார் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எப்சிபாதான்.

மணல் தெளிந்துவிட்டது. தெளிந்துவிட்டதா? கையை விட்டுக் கலக்கினால் இன்னும் ஒரு மெல்லிய கலங்கல் எழும்புகிறது, இன்னொரு தண்ணீர் பார்க்கலாம். எலும்பு ஒன்றும் முறியவில்லை, இடுப்பில் ஊதாவாக ஒரு கன்றிப்போன இடம், அவ்வளவுதான், ஒருவழியாகத் தாழ்ப்பாளை எட்டித் திறந்து, தவழ்ந்து போய்ப் போனை எடுத்தபோது ‘குளிச்சிட்டிருந்தேன்’ என்றேன். ‘இம்புட்டு நேரமாட்டி குளிப்பா ஒருத்தி?’ என்றாள். சிரித்தேன். சிரிப்பில் ஏதோ இருந்திருக்கவேண்டும், அவளும் என்னைப்போலவே டிரங்க் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், லைனில் வருகிற மூச்சை வைத்தே பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் விட்டு நானே சொன்னபோது, ‘விழுந்தா விழுந்தேன்னு சொல்லணும் வல்லி, விழுந்தது ஒண்ணும் தப்புல்ல கேட்டியா’ என்றாள். குமுதவல்லி என்ற முழுப்பெயரில் என்னைக் கூப்பிட அலுவலக வருகைப் பதிவேட்டைத் தவிர யாரும் இருந்ததில்லை. அப்பா குமுதா என்பார். வல்லி என்று கூப்பிட்டவள் இவள் ஒருத்திதான். அந்தப் பேச்சின் முடிவில்தான் எப்படி வந்தது என்று தெரியாமல் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிட்டது. ‘இங்க வந்து என்னோட இரேன், எப்சி.’ லைனில் மௌனம். மௌனத்தில் பல வகை உண்டு. லைன் செத்துப்போன மௌனம் பஞ்சு மாதிரி இருக்கும். எதிராளி போனைக் கீழே வைத்துவிட்டு யாரையோ கூப்பிடப் போயிருக்கிற மௌனத்தில் ஒரு வீட்டின் சத்தம் தூரத்தில் இருக்கும். இது மூன்றாவது வகை, ஆள் இருக்கிறார், வாய் திறந்திருக்கிறது, சொல் வரவில்லை. அந்த வகையில் ஆபரேட்டர் குறுக்கே பேசக் கூடாது. கடைசியில் அவள் கேட்டாள், ‘உன் வீட்ல உன்ன விட்டா வேற உயிருள்ளது ஏதாவது உண்டாட்டி?’ சுற்றிப் பார்த்தேன். காலண்டர். ஃபிரிட்ஜ். மின்விசிறி. ஜன்னலில் ஒரு மணிபிளான்ட் இருந்தது, அது பிளாஸ்டிக். ‘இனிமே இருக்கும்’ என்றேன். ‘சரி, யோசிச்சுச் சொல்லுதேன்’ என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசிவிட்டோம், மழை, முட்டி வலி, அவள் வீட்டுப் பலாமரம், எல்லாம் பேசினோம், அதை மட்டும் இரண்டு பேரும் தொடவில்லை.

தொட்டி ஹாலில் ஜன்னலை ஒட்டிய கடப்பைக் கல் மேல் இருக்கிறது. அடியில் தெர்மாகோல், இல்லையென்றால் மண்ணும் தண்ணீரும் சேர்ந்த கனத்தில் சின்னக் கல் ஒன்று கீழே இருந்தால்கூடக் கண்ணாடி விரிசல் விடுமாம். கறுப்பு மண்ணை முதலில் கொட்டுகிறேன், சரசரவென்று, கேழ்வரகு கொட்டுகிற சத்தம். பின்பக்கம் உயரமாக, முன்பக்கம் தாழ்வாக, அப்போதுதான் ஆழம் இருக்கிற மாதிரித் தெரியும் என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான். ஸ்கேலால் இழுத்துவிடுகிறேன். மேடு சரிகிறது. மறுபடி இழுக்கிறேன். சரிகிறது. சரி, சரிகிற வரை சரியட்டும். முன்னால் ஒரு ஓரத்தில் மட்டும் மணல், வெள்ளையாக, ஒரு சின்னக் கரை. கட்டையை நான்கு நாளாக பக்கெட்டில் ஊறப்போட்டிருந்தேன், ஆரம்பத்தில் மிதந்துகொண்டே இருந்தது, அம்மிக் குழவியை ஏற்றி வைத்த பிறகுதான் மூழ்க சம்மதித்தது, பக்கெட் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருக்கிறது. கட்டையைக் குறுக்காக வைக்கிறேன். பாசியை அதன் மேல் நூலால் கட்டவேண்டும். ஈரமான பச்சைச் சுருள், கையில் எடுத்ததும் அந்த வாசனை. அதுதான். நிறத்தை மறந்திருந்தேன், வாசனையை மறக்கவில்லை. மூக்குக்கு அருகில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். எழும்பூர் ஹாஸ்டல், இரண்டாவது மாடி, மூன்று கட்டில் போட்ட அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், ஜன்னல் கட்டையில் ஹார்லிக்ஸ் பாட்டில். எப்சிபா வேலைக்குச் சேர வந்தபோது நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குளத்திலிருந்து ஒரு கொத்து வேலம்பாசியைத் தண்ணீரோடு அந்த பாட்டிலில் போட்டு, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டே வந்தாளாம். டிரங்குப் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன் பாட்டிலை ஜன்னலில் வைத்தாள். எனக்கு அன்றைக்கு இருபது வயது, அரக்கோணத்து ரயில்வே கார்டின் மகள், எதையும் விட்டுக்கொடுக்காத வயது. ‘இது எதுக்கு?’ என்றேன். ‘கண்ணுக்கு’ என்றாள். அவ்வளவுதான் விளக்கம். அவ்வளவு குட்டி விளக்கத்தை அதற்கு முன் எனக்கு யாரும் தந்ததில்லை, எங்கள் வீட்டில் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தாலும் காரணம் சொல்லவேண்டும்.

நூல் சிக்கிக்கொள்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பிக்கிறேன். ஒரு நாள் காலையில் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து முகம் கழுவப் போகும்போது பார்த்தேன், பாட்டிலின் உள்பக்கக் கண்ணாடியில் ஏதோ நகர்ந்தது. எள்ளளவுதான். இலையில் ஒட்டி முட்டையாக வந்திருக்கிறது, ஊர் விட்டு ஊர், அவளோடு. ‘எப்சி, உன் பாட்டில்ல ஆள் இருக்கு’ என்றேன். நத்தை. கொஞ்ச நாளில் எத்தனை என்று சொல்ல முடியாத அளவுக்கு நத்தைகள். வார்டன் குணசீலி மிஸ் அறையைச் சோதிக்க வந்து பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். பிராணி வளர்க்கக் கூடாது என்பது விதி, சுவரில் எழுதி மாட்டியிருந்தது. ‘என்ன இது?’ ‘ஊறுகாய் மிஸ்’ என்றாள் எப்சிபா, கண் இமைக்காமல். ‘எங்க ஊர்ல நத்தைய ஊறப் போடுவோம் மிஸ். நெஞ்சுச் சளிக்கு.’ குணசீலி மிஸ் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார், அதற்குப் பிறகு எங்கள் அறைப் பக்கம் சோதனைக்கு வரவே இல்லை. மூன்றாவது கட்டில்காரி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தாள். நத்தைகளுக்குப் பெயர் வைத்தோம். வேகமாகக் கண்ணாடி ஏறுவது மதுரை. ஏறி ஏறிப் பாதியில் விழுவது பெல்லாரி, அந்த லைன் எப்போதும் பாதியில் அறுந்துவிடும். ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கிற பெரியது டெல்லி. ‘டெல்லி இன்னிக்குக் கிடைக்குமாட்டி?’ என்று காலையில் கேட்பாள், நான் எட்டிப் பார்த்து, ‘லைன் பிஸி, வெயிட் பண்ணுங்க’ என்பேன். எக்ஸ்சேஞ்சில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து போர்டில் உட்கார்ந்திருப்போம், காதில் ஹெட்செட், முன்னால் குட்டி குட்டி விளக்குகள், விளக்கு எரிகிற துளையில் வயரைச் செருகி ‘நம்பர் ப்ளீஸ்’. ஊரே எங்கள் விரல் வழியாகப் பேசியது. குழந்தை பிறந்தது, வேலை கிடைத்தது, ஆள் போய்விட்டார். ‘மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கட்டுமா?’ என்று அழுதுகொண்டிருக்கிறவரிடம் கேட்கவேண்டும். நான் கேட்டுவிடுவேன். அவள் அப்படி அழுகிறவர்களிடம் கேட்கவே மாட்டாள், மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்புகிற வரைக்கும் லைனை அப்படியே விட்டுவிடுவாள். இதையெல்லாம் அப்போது சந்தோஷம் என்று நினைக்கவில்லை. கால் வலி, தூக்கம், மெஸ் சாம்பார், அடுத்த வார ஷிஃப்ட், இதைத்தான் நினைத்தேன். சந்தோஷம் அந்த பாட்டிலுக்குள் முட்டையாக இருந்திருக்கவேண்டும், கண்ணுக்குத் தெரியாமல்.

பாசி கட்டியாயிற்று. அடுத்து நீள நீளமாக ரிப்பன் மாதிரி இலை வைத்த செடி, கடைக்காரர் அதை ‘வல்லி’ என்றுதான் சொன்னார், ‘ஒரு கட்டு வல்லி எடுத்துக்கோங்க, சீக்கிரம் புடிச்சிக்கும்’, எனக்கு ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது, ஏதோ வாயில் வராத இங்கிலீஷ் பெயரின் சுருக்கமாம். இடுக்கியால் வேரைப் பிடித்து மண்ணுக்குள் சாய்வாக நுழைத்து, மெதுவாக இடுக்கியை உருவவேண்டும். உருவும்போது செடியும் கூடவே வந்துவிடுகிறது. மறுபடி. அவள் கல்யாணம் முடிவானபோது நாகர்கோவிலுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளை ஜெபராஜ், பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், ரொம்ப நல்ல மனிதர், அவரைப் பற்றி ஒரு குறை சொல்லக் கிடைத்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எழும்பூரில் திருநெல்வேலி வண்டியில் ஜன்னலோரம் அவள், மடியில் ஹார்லிக்ஸ் பாட்டில், மூடியில் காற்றுக்காகக் குத்திய ஓட்டைகள். ‘பாதிய உனக்குப் பிரிச்சுத் தரட்டா?’ என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று இந்த நிமிஷம் வரை தெரியாது. வண்டி நகர்ந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்தேன், தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து பிறகு நேரானது. அதற்குப் பிறகு பல வருஷம் நாங்கள் லைனிலேயே வாழ்ந்தோம். கூட்டம் குறைந்த நேரத்தில் லைனைச் சோதிக்கிற சாக்கில் நாகர்கோவில் போர்டிலிருந்து விளக்கு எரியும். ‘மெட்ராஸ், டெஸ்ட் கால்.’ ‘சொல்லுங்க நாகர்கோவில், கிளியரா இருக்கு.’ ‘என்னட்டி சாப்பிட்ட?’ அவளுக்கு ஜெனிஷ் பிறந்தது, என் அப்பா படுத்த படுக்கையானது, எனக்குப் பார்த்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது, பிறகு பார்ப்பதையே நிறுத்தியது, எல்லாம் டெஸ்ட் காலில்தான். அப்புறம் எல்லோரும் நேராக டயல் செய்ய ஆரம்பித்தார்கள், போர்டுகளைக் கழற்றினார்கள், எங்களைக் கவுன்டரில் உட்காரவைத்தார்கள், கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நேரில் பார்த்தது என்று கணக்கெடுத்தால் கல்யாணத்தில், என் அப்பா காரியத்தில், பிறகு இரண்டு வருஷத்துக்கு முன் ஜெபராஜ் அடக்கத்தில். அன்றைக்கு வெள்ளைப் புடவையில் அவளைப் பார்த்து, யாரோ ஒரு வயதான அம்மாள் என்று தாண்டிப் போய்விட்டேன். ‘வல்லி’ என்ற குரல் பின்னாலிருந்து வந்தது, அப்போதுதான் திரும்பினேன். குரல் அதேதான். அதுதான் பயமாக இருக்கிறது. குரலைத்தானே எனக்குத் தெரியும்?

போன் அடிக்கிறது. முழங்கை வரைக்கும் கறுப்பு மண், ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையால் பிடித்திருக்கிற செடியை விட்டால் சாய்ந்துவிடும். ஃபிரிட்ஜ் மேல் போன் அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்கிறது. இங்கிருந்தே திரையில் பெயர் தெரிகிறது. எப்சி. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை இந்த நேரத்தில் அழைக்கமாட்டாள், கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்டுத் தூங்குகிற நேரம். அப்படியென்றால் சொல்லத்தான் அழைக்கிறாள். கையை உதறிவிட்டுப் போகலாம், இரண்டு எட்டுதான், போகவில்லை. செடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எடுத்தால் தெரிந்துவிடும். ஜெனிஷ் பெங்களூரில் அவளுக்கென்று ஒரு அறை தயார் செய்திருக்கிறான், பேத்தி பாட்டு கிளாஸ் போகிறாள், மருமகள் மரியாதையான பெண், யார் கேட்டாலும் அங்கே போவதுதான் நியாயம் என்பார்கள், நானே சொல்வேன். சொல்லிவிட்டு வைத்ததும் இந்த ஹால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறேன். இப்போது இருக்கிற மாதிரியேதான் இருக்கும், அதுதான் கஷ்டம். போன் நின்றுவிட்டது. நின்றதும் ஃபிரிட்ஜ் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக எடுக்க முடிந்தும் ஒரு காலை எடுக்காமல் விட்டிருக்கிறேன். திரும்ப அடிப்பாள், அவள்தான் பிடிவாதக்காரியாயிற்றே. அடிக்கவில்லை. செடியை நட்டுவிட்டேன். பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. திரும்ப அடிக்கவில்லை. விழுந்து கிடந்த அன்றைக்கு அத்தனை தடவை அடித்தவள் இன்றைக்கு ஒரு தடவையோடு நிறுத்திவிட்டாள் என்றால் நல்ல செய்தி இல்லை. நல்ல செய்தி என்றால் மனுஷி விடமாட்டாள். இல்லை, ஒருவேளை யாராவது வந்திருக்கலாம், குக்கர் கூவியிருக்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு கூப்பிடலாம். முதலில் தண்ணீரை ஊற்றிவிடுகிறேன், செடிகள் காயக் கூடாது, அது நிஜமான காரணம், சாக்கு இல்லை.

மண்ணின் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல்தான் ஊற்றவேண்டும், நேராக ஊற்றினால் கட்டியதெல்லாம் குழியாகிவிடும். மெட்ரோ தண்ணீரை நேற்றே பக்கெட்டில் பிடித்து வைத்துக் குளோரின் போக்குகிற சொட்டு மருந்து விட்டிருக்கிறேன். ஒவ்வொரு சொம்பாக. தட்டில் விழுந்து, பரவி, ஓரங்களில் சத்தமில்லாமல் இறங்குகிறது. ஏற ஏறச் செடிகள் படுத்த இடத்திலிருந்து எழுந்துகொள்கின்றன. இதை யாரும் சொல்லவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை, வீடியோவிலும் கவனிக்கவில்லை, இத்தனை நேரம் துவண்டு கிடந்த ரிப்பன்களெல்லாம் தண்ணீர் வந்ததும் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நிற்கின்றன. சொம்பு பாதியில் நிற்கிறது என் கையில். ஆனால் கலங்கல். அத்தனை பார்த்துப் பார்த்து ஊற்றியும் தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிட்டது, கட்டை தெரியவில்லை, பாசி தெரியவில்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டரை இறக்கி, ரப்பர் குழாயைப் பம்பில் மாட்டி ஸ்விட்சைப் போடுகிறேன். குமிழ்கள். தெளியும், நாளைக்கோ மறுநாளோ தெளியும், பயப்படாதீங்க மேடம், தெளிஞ்சதும் உடனே எந்த உயிரையும் உள்ள விட்றாதீங்க, தண்ணி பழகணும் என்றார் கடைக்காரர். பார்க்கத் தெளிவாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத விஷம் இருக்கும், அதைத் தின்கிற கிருமிகள் மெதுவாகத்தான் குடியேறும், முதலில் நத்தை, இறால் ரொம்பப் பின்னால். இறால் வந்த வீட்டில் கொசு மருந்து அடிக்கக் கூடாது, கொசுவத்தி கூடாது. சில நாள் வெள்ளையாக, முழு இறால் மாதிரியே ஒன்று அடியில் அசையாமல் கிடக்கும், செத்துவிட்டது என்று அழவேண்டாம், அது சட்டை, கழற்றிப் போட்டுவிட்டுச் சட்டைக்காரர் பாசிக்குள் ஒளிந்திருப்பார், புதுத் தோல் கெட்டிப்படுகிற வரை வெளியே வரமாட்டார். இந்த வயதில் எப்சி இந்த வீட்டுக்கு வந்தால்? நான் காலையில் ரேடியோ வைத்தால்தான் காபி குடிப்பேன். அவள் விடியலில் எழுந்து ஜெபம் சொல்வாள், முன்பு முணுமுணுப்பாள், இப்போது உரக்கவா? மீன் இல்லாமல் அவளுக்கு இறங்காது, எனக்கு அந்த வாடை அப்பா போன பிறகு பழக்கம் விட்டுவிட்டது. குளியலறையில் கூந்தல் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. ராத்திரியில் நான் வாய் விட்டுப் பேசுகிறேன் என்று எதிர்வீட்டுப் பெண் ஒரு தடவை சொன்னாள். இதெல்லாம் டெஸ்ட் காலில் வராது. லைனில் இருந்தவர்கள் நாங்கள், குரலோடு குடித்தனம் நடத்த முடியுமா? அப்படியே அவள் வந்து, ஒரு மாதம் இருந்து, முகம் சுருங்கி, சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டால், அப்புறம் எனக்குக் குரலும் இல்லாமல் போய்விடும். அதற்கு இப்போதே வேண்டாம் என்று அவள் சொல்வதே மேல் இல்லையா? மேல் இல்லை. இல்லவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால் இப்படித்தான். கையைத் துடைத்தேன்.

அடித்ததும் எடுத்துவிட்டாள். ‘குளிச்சிட்டிருந்தியா?’ என்றாள், குரலில் ஒரு கூர்மை.

‘இல்ல, சத்தியமா இல்ல. கை முழுக்க மண்ணு. தொட்டி வைக்கிறேன்.’

‘என்ன தொட்டி?’

‘இறால் தொட்டி. செடி நட்டு, தண்ணி ஊத்தி. இப்ப ஒண்ணும் தெரியல, கலங்கலா இருக்கு. நத்தையும் விடப்போறேன்.’

அந்த மூன்றாவது வகை மௌனம். காத்திருந்தேன். அவள் வீட்டில் யாரோ பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம், ஒரு காகம்.

‘எறால் திங்கதுக்கா?’ என்றாள்.

‘கண்ணுக்கு’ என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். ‘ஜெனிஷ் வந்திருக்கான். பக்கத்துலதான் இருக்கான். காலையில இருந்து ஒரே பேச்சு. அம்மா உனக்கு அங்க என்ன குறை, மெட்ராசுல யாரு இருக்கா, அந்த ஆன்டிக்கும் வயசாச்சுல்லா, ரெண்டு பேரும் சேந்து விழுந்தா யாரு தூக்குவா, இப்பிடி.’

‘சரியாத்தான் கேக்குறான்’ என்றேன். என் குரல் நிதானமாக இருந்தது. கவுன்டரில் கெட்ட செய்தி சொல்கிற குரல் அது, எனக்கே தெரிந்தது.

‘கேக்கதெல்லாம் சரிதான். உங்க வீட்ல லிஃப்ட் உண்டா?’

‘இருக்கு. சில நாள் ஓடாது.’

‘தண்ணி?’

‘காலையில வரும். சம்ப் இருக்கு.’

‘பக்கத்துல கோயிலு? சி.எஸ்.ஐ.தான் வேணும்னு இல்ல. நடந்து போற தூரத்துல இருந்தா போதும்.’

‘ரெண்டு தெரு தள்ளி ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை பாட்டு இங்க கேக்கும்.’

‘நல்ல மீனு கிடைக்குமா?’

‘வாசல்லயே வண்டியில கொண்டு வராங்க.’

‘சரி.’ கொஞ்சம் தள்ளி யாரிடமோ எதையோ சொன்னாள், ஜெனிஷின் குரல் பதில் சொன்னது, கோபமாக இல்லை, களைத்துப்போன குரல். திரும்ப வந்தாள். ‘தையல் மிஷினு வைக்க இடம் இருக்குமாட்டி? காலால மிதிக்கது. அத யாருக்கும் குடுக்க மாட்டேன். வெளிச்சம் வேணும் அதுக்கு, ஜன்னல் ஓரமா. அது உண்டுன்னா சொல்லு, இவன் வண்டி பேசுகதா சொல்லுதான்.’

ஜன்னல் ஓரத்தைப் பார்த்தேன். கடப்பைக் கல் மேல் நிறைந்த தொட்டி, இனி அதை ஒரு விரற்கடை நகர்த்த முடியாது, அதை ஒட்டி மூன்று பேர் உட்காருகிற சோஃபா சுவர் முழுவதையும் அடைத்துக்கொண்டு. வீடு வாங்கியபோது, வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று வாங்கியது. அதில் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. துணி காயவைக்கவும் செய்தித்தாள் போடவும்தான் ஆகிறது. முழம் போட்டு அளந்தேன், கையில் மிச்சமிருந்த மண் சோஃபா உறையில் பட்டுக் கறை ஆயிற்று.

‘இருக்கு’ என்றேன். ‘தாராளமா இருக்கு.’

‘பாத்துட்டுச் சொல்லுதியா, சும்மா சொல்லுதியா?’

‘பாத்துட்டுத்தான்.’

‘சரி, வைக்கேன். ஒனக்கு மூச்சு வாங்குது, உக்காரு’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் உட்காரவில்லை. சோஃபாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், இடுப்பு ஒரு தடவை எச்சரித்தது, விட்டேன். கதவைத் திறந்து எதிர்வீட்டு மணியை அடித்தேன். மேகலா என்று பெயர், புருஷனும் மனைவியுமாகக் குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், லிஃப்ட்டில் சிரித்துக்கொள்வதோடு சரி, இதுவரை நான் அந்த மணியை அடித்ததில்லை. மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள், பயந்துபோனவளாக என் கையில் இருந்த கறுப்பைப் பார்த்தாள்.

‘ஆன்டி, என்னாச்சு?’

‘ஒண்ணும் ஆகல. ஒரு சோஃபா எடுக்கணும். உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க, இல்லன்னா படிக்கட்டுக்குக் கீழ வைக்கக் கை குடுங்க.’

அவள் உள்ளே திரும்பிக் கணவனைக் கூப்பிட்டாள். அப்புறம், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, ‘ஊர்லருந்து யாராவது வராங்களா ஆன்டி? எத்தன நாளைக்கு?’ என்று கேட்டாள்.

நாளா? எனக்கு அந்தக் கேள்வி சட்டென்று புரியவில்லை.

‘இல்லம்மா’ என்றேன். ‘இங்கதான் இருக்கப்போறாங்க.’